கொலுப் படிக்குக் கீழே ஆரணிப் போர்

கொலுப் படிகளுக்குக் கீழே தரையில் ஊர் அமைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். மணலில் மலை, கண்ணாடித் துண்டில் குளம், முளைவிட்ட கடுகில் வயல். இங்கிலாந்தில் எச்.ஜி. வெல்ஸ் என்ற எழுத்தாளரும் தம் பிள்ளைகளோடு தரையில் ஊர் கட்டி விளையாடினார். அதை 1911-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். 1913-இல் வந்த இன்னொரு புத்தகத்தில், பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் ஆடுவதற்கு விதிகளும் வகுத்தார். இன்று மேசைமேல் குட்டி நகரம் கட்டிப் போர்க்கதை ஆடுகிறவர்களுக்கு அவர் ஒரு முன்னோடி.

அப்படி ஆடிப் பார்க்க நம் ஊருக்கும் ஒரு கதை உண்டு. ஆற்காட்டு முற்றுகை முடிந்த மறுமாதம், 1751 டிசம்பர் 3 அன்று, ராபர்ட் கிளைவ் மராட்டியக் குதிரைப்படையைத் துணைக்கொண்டு, சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப்பையும் பிரெஞ்சுக்காரரையும் ஆரணியில் எதிர்த்தார். கிளைவின் படை சிறியது. ஆனால் எதிரிக்கு முன்னால் இருந்தது சேற்று நிலம். அதைக் கடக்க ஒரு குறுகலான கரைப்பாதை. அதில் சிக்கிப் பெரும்படை குலைந்து போயிற்று.

ஆகவே இதை மேசையில் அமைப்பவர் சிப்பாய்க்கு முன்னால் சேற்றைச் செய்ய வேண்டும். ஜெயித்துக் கொடுத்தது நம் மண்தான்.

இன்னொன்று. பொம்மைப் படைப் பெட்டியில் துப்பாக்கிக்காரன் உண்டு, குதிரைவீரன் உண்டு. நாற்று நட்டவன் இல்லை. அவன் நம் கொலுப் பெட்டியில் இருக்கிறான், கீரைக்காரியோடும் செட்டியாரோடும். பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் போரைக் காட்டும்போது அவர்களையும் வரப்போரம் நிறுத்துங்கள். யார் ஜெயித்தார் என்று கேட்கும் பிள்ளை, யார் வயல் மிதிபட்டது என்றும் கேட்கும்.