ஜாமீன் கையெழுத்து: படையும் மருத்துவப் படிப்பும்

நவீன மருத்துவம் நமக்குத் தொண்டாக, மிஷனரிகளின் கருணையாக வந்தது என்பது பழகிப்போன கதையாடல். நான் அதை முழுசாக மறுக்கவில்லை. ஆனால் சென்னையில் அது முதலில் வந்து இறங்கிய இடம் கோட்டை. 1664இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கம்பெனிச் சிப்பாய்களுக்காகத் திறந்த சிறு ஆஸ்பத்திரிதான் பின்னால் பொது மருத்துவமனை ஆனது. 1835 பிப்ரவரியில் அதனோடு ஒட்டி ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். ஊருக்கு வைத்தியர் வேண்டுமா என்று யாரும் கேட்டுத் தொடங்கவில்லை. படைப்பிரிவுகளில் புண்ணுக்குக் கட்டுப்போடவும் மருந்து கலக்கவும் வெள்ளை சர்ஜனுக்குக் கீழே ஆட்கள் தேவைப்பட்டார்கள், அவ்வளவுதான். படிக்கும்போதே சம்பளம், படித்து முடித்தால் படையில் வேலை. வெளி மாணவர்களுக்கு வாசல் திறந்தது அதற்குப் பிறகு. 1850இல் அது மருத்துவக் கல்லூரி ஆயிற்று.

ஆகவே "ராணுவம் படிக்க வைக்கும், பதிலுக்கு நீ உன் வருஷங்களைக் கொடு" என்ற ஏற்பாடு ஏதோ நேற்றைய சலுகைத் திட்டம் இல்லை. நம்முடைய மருத்துவக் கல்வி தொடங்கியதே இந்தப் பேரத்தில்தான். ஃபூக்கோ 1975இல் வெளியான தம் நூலில் ரோஷ்ஃபோர் கடற்படை மருத்துவமனையைக் காட்டுவார்: நோய் பார்க்கிற இடமே ஓடிப்போகிற ஆளைக் கண்காணிக்கிற இடமும். நமக்கு பிரான்ஸ் வரை போக வேண்டியதில்லை, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே பார்த்தால் போதும்.

இந்தப் பேரத்துக்குள் இரண்டு வாசல்கள் இருந்தன. 1855இல் இந்திய மருத்துவப் பணிக்கான போட்டித் தேர்வு இந்தியர்களுக்கும் திறந்தது. ஆனால் தேர்வு லண்டனில். கப்பல் செலவுக்கு வழியுள்ளவர் எழுதி அதிகாரி ஆகலாம். வழியில்லாதவர் ஆஸ்பத்திரி அசிஸ்டெண்ட். அந்தக் கீழ்நிலைப் பயிற்சிக்கென்று 1877இல் ராயபுரத்தில் வளர்ந்த பள்ளிதான் 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. அதே ராயபுரத்திலிருந்துதான் 1856இல் எங்கள் திருவாலங்காட்டுப் பக்கமாக வாலாஜா வரை முதல் ரயில் ஓடியது என்பதை ஒரு உபரித் தகவலாகச் சொல்லி வைக்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பின் 1948இல் புனேயில் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி அமைந்தது. எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது 1962 ஆகஸ்டில், சீனாவோடு சண்டை மூள்வதற்குச் சுமார் இரண்டரை மாதம் முன்பு. பெண்களுக்கு இடம் 1979இலிருந்து. இப்போது நீட் மதிப்பெண்ணும் புனேயில் நேர்காணலும் வேண்டும். கட்டணம் கிடையாது. படித்தவர்கள் அதிகாரிகளாகவே பணியில் சேருகிறார்கள், கீழ்நிலை ஆட்களாக அல்ல. 1835இலிருந்து நிஜமாக மாறியது இது ஒன்றுதான் என்பேன்.

பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். படித்துவிட்டு ராணுவத்துக்குப் போக மாட்டேன் என்றால் பல லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அந்தத் தொகையையும் அவ்வப்போது ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு விலை, யோசித்துப் பார்க்கலாம். முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அது பூட்டு. எல்லாருக்கும் ஒரே காகிதம், ஒரே வாசகம். பிடிப்பது மட்டும் ஏழையை. சமத்துவம் என்று சட்டம் சொல்வதற்குள் வர்க்கம் இப்படித்தான் நுழைகிறது.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர், காக்களூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை, மகளுக்காக இதைக் கேட்டு என்னிடம் வந்தார். "தனியார் காலேஜ் ஃபீஸ் நமக்கு ஆவாதுண்ணே. இங்க சும்மா படிக்க வெக்கறாங்கன்றாங்க. ஆனா ஜாமீன் கையெழுத்து நான்தான போடணும்? நாளைக்கி இது வர மாட்டேன்னுச்சின்னா?"

ஜாமீன் என்ற சொல் இந்த ஊரில் சாதாரணமாகக் காதில் விழாது. பக்கத்துப் பழையனூர் நீலி கதை அப்படி. வணிகனின் உயிருக்கு எழுபது வேளாளர் தங்கள் உயிரைப் பிணை வைத்தார்கள். நீலி அவனைக் கொன்றதும் தீயில் இறங்கினார்கள். சம்பந்தர் பதிகத்திலேயே இதற்குக் குறிப்பு உண்டு. பிற்காலத்தில் இது வேளாளர் சாதிப் பெருமையாக வளர்ந்தது. அநியாயமாகக் கொல்லப்பட்ட பெண் பேயாகவே நின்றுவிட்டாள். பிணை நின்றவனைப் பாடுகிற மரபு, யாருக்காக, எதற்காக நின்றான் என்று கேட்பதில்லை.

நான் அவரிடம் பத்திரத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னேன். எத்தனை வருஷம், எந்த நிலையில் விலகினால் எவ்வளவு, உடல்தகுதி போய்விட்டால் யார் கணக்கில். திருவள்ளூரிலேயே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் இந்தப் பேச்சே வேண்டாம் என்றும் சொன்னேன்.

அதுவரை வாசலில் நின்ற பெண் உள்ளே வந்தாள். "லோன் போட்டுப் படிச்சா பேங்குக்குப் பத்து பதினைஞ்சு வருஷம் கட்டணும் பெரியப்பா. அதுக்கும் அப்பாதான் ஜாமீன். அதை மட்டும் ஏன் யாரும் அடிமைப் பத்திரம்னு சொல்றதில்ல?"

அரக்கோணம் ராஜாளி தளத்து விமானம் ஒன்று வீட்டுக்கு மேலே போனது. சத்தம் அடங்கும்வரை மூன்று பேரும் பேசாமல் இருந்தோம். அப்புறம் அவள் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றைக்கு என்று கேட்டாள்.