வேட்பாளரும் உறவுமுறையும்: வடசென்னை அரசியல் செய்திகளில் இரட்டை அளவுகோல்

சென்னை மாகாணத்தில் 1921-இல் சொத்துத் தகுதியின் அடிப்படையில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபோதும், வேட்பாளராக நிற்கும் உரிமை 1926-இல்தான் வந்தது. அவ்வாண்டே மாகாணச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றார். உரிமை சட்டமான பின் அதைப் பயன்படுத்திய பெண்களை இதழ்கள் எத்தகைய கேள்விகளால் அளந்தன என்பது தனி வரலாறு. ஒரே தகுதியும் ஒரே செயலும் ஆணிடம் காணப்படும்போது ஒரு பொருளும், பெண்ணிடம் காணப்படும்போது வேறொரு பொருளும் பெறுகிற செய்தி வழக்கத்தையே இக்கட்டுரை இரட்டை அளவுகோல் என்று குறிக்கிறது. அமெரிக்க அதிபர் பதவிக்கு 1872 முதல் முயன்ற எட்டுப் பெண்களைப் பற்றிய செய்திகளை ஆராய்ந்த எரிக்கா ஃபாக், 2008-இல் வெளியான தம் நூலில், ஆண் வேட்பாளர்களைவிடப் பெண்களின் தோற்றமும் குடும்பமும் கூடுதலாகவும் அவர்களின் கொள்கை குறைவாகவும் எழுதப்பட்டதை எடுத்துக்காட்டினார். வடசென்னையில் இவற்றுள் அழுத்தமாக நிற்பது உறவுமுறை: பெண் வேட்பாளர் முதலில் யாருக்கு என்ன முறை என்று அறிமுகமாகிறார்; அவர் கேட்கும் பதவியின் வேலை பிறகே பேசப்படுகிறது.

இந்த வழக்கம் கூர்மையடைந்த காலம் 1980-கள். எம்.ஜி.ஆரின் திரைவாழ்வு மக்கள் செல்வாக்கின் சான்றாகக் கணக்கில் கொள்ளப்பட்டது, 1982-இல் அ.தி.மு.க.வில் சேர்ந்து அடுத்த ஆண்டே கொள்கைபரப்புச் செயலாளரான ஜெயலலிதாவின் திரைவாழ்வோ, அவர் எவ்வாறு அங்கு வந்தார் என்ற ஐயத்துக்கு இடமாயிற்று. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர் மறைந்தபின் எழுந்த கட்சிப் பிளவு, மனைவிக்கு உரிமையா, உடன் நடித்தவருக்கு உரிமையா என்ற குடும்ப வழக்காகவே பெரிதும் எழுதப்பட, 1989 தேர்தலில் ஜெயலலிதா அணிக்கு 27 இடங்களும் ஜானகி அணிக்கு 2 இடங்களும் தந்து வாக்காளர்கள் அதை அரசியல் வழக்காகவே தீர்த்தனர். அவ்வாண்டு மார்ச் 25 அன்று, வரவு செலவுத் திட்டம் வைக்கப்பட்ட நாளில், சட்டமன்றத்தில் நேர்ந்த கைகலப்புக்குப் பிந்தைய விவாதம் எதிர்க்கட்சித் தலைவரான ஜெயலலிதாவின் சேலையைச் சுற்றியே நீண்டது. அவர் அன்று எழுப்ப வந்த புகார் பின்னுக்குப் போயிற்று. பின்னாளில் 'அம்மா' என்ற அழைப்பு 'முன்னாள் நடிகை' என்ற அடைமொழியைத் தள்ளிவைத்தது. 'அண்ணா' என்பதும் உறவுப்பெயர்தானே என்று கேட்கலாம். ஆனால் அண்ணாதுரைக்கு அப்பெயர் அவரது முந்தைய தொழிலை மறைக்கும் திரையாக வேண்டியிருக்கவில்லை.

அதே 1989-இல் வடசென்னையின் ராதாகிருஷ்ணன் நகர்த் தொகுதி தி.மு.க.வின் எஸ்.பி. சற்குணபாண்டியனைத் தேர்ந்தெடுத்தது, 1996-இல் மீண்டும் வென்று அவர் அமைச்சரானார். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைத் தொழிலாளர் தெருக்கள் ஒரு பெண்ணை இருமுறை சட்டமன்றத்துக்கு அனுப்பிய இச்செய்தி தமிழக அரசியல் வரலாறுகளில் உரிய இடம் பெறாதது வருந்தத்தக்கது. 2015 இடைத்தேர்தலில் 1,50,722 வாக்கு வேறுபாட்டில் அங்கு வென்ற ஜெயலலிதாவை 2016-இல் தி.மு.க. சார்பில் எதிர்த்தவர் சிம்லா முத்துச்சோழன் என்னும் வழக்கறிஞர். வேறுபாடு 39,545 ஆகக் குறைந்தது. அவரைப் பற்றிய அறிமுகங்களில் வழக்கறிஞர் தொழிலைவிடச் சற்குணபாண்டியனின் மருமகள் என்ற முறையே அதிகம் அடிபட்டது. முன்னோடி ஒரு பெண்ணாகவே இருந்தபோதும் அரசியல் மரபு குடும்ப மரபாகவே வாசிக்கப்பட்டது என்பது கவனிக்க வேண்டிய நுட்பம்.

உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிய அரசியலமைப்புத் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. 2022 மார்ச்சில் ஆர். பிரியா தமது 28-ஆம் வயதில் சென்னையின் முதல் தலித் பெண் மேயரானபோது, அவரது வயதும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் குடும்பத்தவர் என்பதும் செய்திகளில் முந்தி நின்றன. அவ்வாண்டு டிசம்பரில் மாண்டஸ் புயலுக்குப் பின் காசிமேட்டைப் பார்வையிட வந்த முதலமைச்சரின் வாகன அணிவகுப்பில், மேயர் ஒரு வண்டியின் பக்கவாட்டுப் படியில் தொங்கியபடி சென்ற காட்சி நாடெங்கும் ஓடியது. உடன் தொங்கிச் சென்ற மாநகராட்சி ஆணையரைப் பற்றி அத்தகைய விவாதம் எழவில்லை. துணிச்சல் என்றவர்களும் அவமதிப்பு என்றவர்களும் ஒருசேர அவரது உடலையே பேசினர்; சேதமடைந்த படகுகளுக்கு மாநகராட்சி என்ன செய்ய இயலும் என்ற கேள்வி அந்த இரைச்சலில் ஒதுங்கிப்போனது.

இவ்வாறு கேள்விகள் ஒதுக்கப்படுவதன் இழப்பு வேட்பாளருக்கு மட்டுமானதன்று. எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பம் 2011 வரை கத்திவாக்கம் நகராட்சியைச் சேர்ந்திருந்து, பின் மாநகராட்சியின் முதல் மண்டலத்தில் இணைந்ததால், அதன் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் அமர்பவரே அக்குப்பத்துக்கும் மேயர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் படிந்து, படகையும் வலையையும் கறுப்பாக்கியபோது, மீன் விற்றுப் பிழைக்கும் பெண்களின் வருமானமும் நின்றது; இழப்பீட்டுக் கணக்கில் கடலுக்குப் போகாத அந்த விற்பனையாளருக்கு என்ன இடம் என்பது எந்த மன்ற உறுப்பினரிடமும், ஆணாயினும் பெண்ணாயினும், கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நாளிதழ்களின் சென்னைப் பதிப்புகளை 1989, 1996, 2016, 2022 தேர்தல் மாதங்களுக்கு வரிசையாக எடுத்து, ஒரே தொகுதியின் ஆண், பெண் வேட்பாளர்களிடம் குடிநீர், அனல்மின் நிலையச் சாம்பல், மீன்பிடி குறித்து எத்தனை கேள்விகள் கேட்கப்பட்டன என்று எண்ணிப் பார்க்கும் பணி இத்துறை ஆய்வாளர்களுக்காகக் காத்திருக்கிறது.