சுகர் ஏறுவதற்கு முன்பே: சென்னையின் இரண்டு காலனிகள்

"சுகர் நார்மல்தான், ஹார்ட்டுக்குப் பயமில்ல." ரிப்போர்ட் வந்ததும் நம்மில் பலர் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் இது. இது எவ்வளவு தூரம் சரின்னு தெரிய, 1936-ல இருந்து தொடங்கணும்.

அந்த வருஷம் லண்டன் மருத்துவர் ஹெரால்ட் ஹிம்ஸ்வொர்த் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார். நீரிழிவு உள்ளவர்களுக்கு குளுக்கோஸ் கொடுத்து, கூடவே இன்சுலின் ஊசியும் போட்டார். சிலருக்கு ரத்த சர்க்கரை அடங்கியது. சிலருக்கு ஊசிக்குப் பிறகும் ஏறியது. அதாவது, இன்சுலின் இருந்தும் உடம்பு அதற்குச் சரியாகப் பணியாத ஒரு நிலை உண்டு. இதைத்தான் இன்று இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். 1960-ல் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் இருவரும் ரத்தத்தில் இன்சுலினை அளந்தார்கள். நடுவயதில் வரும் நீரிழிவில் பலருக்கு இன்சுலின் குறைவாக இல்லை, அதிகமாகவே இருந்தது!

நம்ம ஃபீல்டு ஆட்களுக்குப் புரியும்படி சொன்னா, இது ஆட்டோ ஸ்கேலிங் மாதிரி. வெளியே ரெஸ்பான்ஸ் டைம் நல்லாத்தான் இருக்கும். பின்னாடி சர்வர் எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகும். கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து சர்க்கரையைப் பல வருஷம் நார்மலாக வைத்திருக்கும். அதே காலத்தில் கல்லீரல் டிரைகிளிசரைடைக் கூடுதலாக அனுப்பும், ஹெச்டிஎல் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். இவையெல்லாம் ஒரு கூட்டமாக வந்து இதயத்தைப் பாதிக்கும் என்று 1988-ல் ஜெரால்ட் ரீவன் சொன்னார். அதற்கு 'சின்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரும் வைத்தார்.

இதில் நமக்கு என்ன? 1991-ல் பால் மெக்கீக் குழு லண்டன் சவுத்தால் பகுதியில் செய்த ஆய்வில், அங்கே குடியேறிய தெற்காசியர்களுக்கு ஐரோப்பியர்களைவிட இன்சுலின் அளவும் தொப்பையும் நீரிழிவும் அதிகம் எனத் தெரிந்தது. சரி, நம்ம ஊரிலேயே இருப்பவர்களுக்கு?

1996-97-ல் டாக்டர் வி. மோகன் குழு சென்னையில் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்று, திருமங்கலத்தில் நடுத்தர வருமானக்காரர்கள் வாழ்ந்த ஏசியாட் காலனி. மற்றது, தி.நகரில் குறைந்த வருமானக்காரர்கள் வாழ்ந்த பாரதி நகர். மொத்தம் 1,262 பேர். இதய ரத்தக்குழாய் நோய், சர்க்கரை இயல்பாக இருந்தவர்களில் 9.1%, நீரிழிவு உள்ளவர்களில் 21.4%. கவனிக்க வேண்டியது நடுவில் இருப்பவர்களை: இன்னும் நீரிழிவு வரவில்லை, ஆனா குளுக்கோஸ் குடித்தபின் சர்க்கரை இயல்பைவிட ஏறுகிறது. அவர்களில் 14.9%.

இதை வைத்து எல்லாப் பழியையும் இன்சுலின் மேல் போட்டுவிடக் கூடாது. எல்லாக் காரணிகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்த ஆய்வில் முந்தி நின்றவை வயதும் எல்டிஎல் கொலஸ்ட்ராலும்தான். "கொலஸ்ட்ரால் எல்லாம் பொய், இன்சுலின் மட்டுமே நிஜம்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீங்க.

பத்து வருஷம் கழித்து அதே இடங்களுக்குத் திரும்பப் போனார்கள். நடுத்தரக் காலனியில் நீரிழிவு 12.4%-லிருந்து 15.4% ஆகியிருந்தது. பாரதி நகரில் 6.5%-லிருந்து 15.3%! வசதிக்காரர் வியாதி என்ற பேச்சு பத்தே வருஷத்தில் காலாவதி ஆகிவிட்டது.

இடையில் ஏசியாட் காலனிக்காரர்கள் சொந்தப் பணத்தில் ஒரு பூங்கா கட்டியிருந்தார்கள். வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2%-லிருந்து 58.7% ஆனார்கள். வித்தியாசத்துக்குப் பூங்கா மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. உணவு, வேலை, வருமானம் எல்லாம் இடையில் மாறியிருக்கும். ஆனாலும் நடப்பதற்கு ஒரு காரணம் இருக்கு: உணவுக்குப்பின் ரத்தத்தில் வரும் குளுக்கோஸின் பெரும்பங்கு போய்ச் சேருவது தசைக்கு. வேலை செய்யும் தசை குறைந்த இன்சுலினிலேயே அதை எடுத்துக்கொள்ளும்.

அதனால அடுத்த முறை ரிப்போர்ட்டில் சர்க்கரையோடு நிறுத்தாம டிரைகிளிசரைடு, ஹெச்டிஎல், எல்டிஎல், ரத்த அழுத்தம் எல்லாத்தையும் பாருங்க. ஒரு இஞ்ச் டேப்பும் எடுங்க: நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.

பள்ளிக்கரணையில் 2021-ல் சதுப்புநிலப் பூங்கா திறந்தபோது நடைபாதை கிடைத்தது. அது இங்குள்ள எல்லாத் தெருக்காரர்களுக்கும் எட்டும் தூரத்தில் இல்லை. பாரதி நகரின் எண்களைப் பார்த்தால், அடுத்த பூங்கா எந்த மாதிரித் தெருவுக்குப் பக்கத்தில் வரணும் என்பது தெளிவாகவே தெரியுது.