அலையை எண்ணால் அளந்தவர்கள்

2004 டிசம்பர் 26 காலை 6.59 மணிக்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது எனக் கரையோரம் சிதைந்தது. அம்பாறை மாவட்டம் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது.

அந்த இரண்டு மணித்தியாலம் முன்கூட்டியே கணிக்கக்கூடியதா? ஆம். புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கடலின் ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுனாமியின் வேகம் கிடைக்கும். 4,000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 700 கிலோமீற்றர். இடைத்தூரமோ ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர்.

ஆனால் கடலடி சமதரையல்ல. ஆழம் மாற, வேகமும் திசையும் மாறும். அதை விபரிக்கும் வகையீட்டுச் சமன்பாடுகளைப் பேனையால் தீர்த்துவிட முடியாது. கடலைச் சிறு சதுரங்களாக்கி, சில செக்கன்களின் பின் ஒவ்வொன்றிலும் நீர்மட்டம் என்னவாகும் என்று படிப்படியாகக் கணித்துச் செல்ல வேண்டும். இதுவே எண்சார் முறை.

இதன் வித்து ஒயிலர் 1768இல் எழுதிய நூலில் உண்டு. ஆங்கிலேயரான ரிச்சட்சன் இவ்வழியில் வானிலையைக் கையாலேயே கணித்து 1922இல் நூலாக்கினார். 6 மணித்தியாலத்தில் 145 மில்லிபார் அமுக்கம் உயரும் என்ற அவரது கணிப்புப் பொய்த்தது. தொடக்கத் தரவின் குறைபாடே அதற்குப் பிரதான காரணம். அலை ஒரு சதுரத்தைக் கடக்கும் நேரத்தைவிட நேரப்படி பெரிதானால் விடை சிதறும் என்பதை 1928இல் கூரண்ட், பிரீட்ரிக்ஸ், லெவி ஆகியோர் நிறுவினர். ரஷ்யாவின் நொவசிபிர்ஸ்க் நகரில் யனென்கோ, பல திசைக் கணக்கை ஒரு திசைக் கணக்குகளாகப் பிரிக்கும் முறையை வளர்த்தார். அந்நகரில் பயின்ற வசிலி தித்தோவ், அமெரிக்காவில் சினோலாக்கிசுடன் சேர்ந்து அம்முறையைச் சுனாமிக்குப் பொருத்தினார்.

அன்று சியாற்றில் ஆய்வுகூடத்தில் தித்தோவ் இந்து சமுத்திர அலையைக் கணித்து முடித்தபோது, எமது ஊர்களில் ஜனாஸாக்களைத் தேடிக்கொண்டிருந்தனர். பசுபிக்கிற்கு 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்திற்கு இருக்கவில்லை. அந்நிலையம் பூமியதிர்ச்சியின் பருமனை முதலில் 8.0 எனக் குறைத்தே மதித்தது உண்மை. ஆயினும் அலை வந்துசேரும் நேரம் பருமனிலன்றி ஆழத்திலேயே பெரிதும் தங்கியுள்ளது. கணக்குக் கைவசம் இருந்தது. அதைக் கரைக்குக் கொண்டுவரும் வழிதான் இருக்கவில்லை.

2012 ஏப்ரல் 11இல் 8.6 பருமனில் மீண்டும் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது. மக்கள் கரையைவிட்டு அகன்றனர். வந்த அலை சிறிது.

வர்க்கமூலம் கற்பிக்கும் எமது ஆசிரியர்கள் இந்த 4,000 மீற்றர் கணக்கையும் கரும்பலகையில் எழுதட்டும். எமது பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் வேறில்லை.