ஏலமும் மதிப்பீடும்

பென்னலூரில் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில், இரவு ஷிப்டுக்கான கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பவர்களிடையே 2025 நவம்பரில் ஒரு வாரம் முழுக்க ஒரே சர்ச்சை. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கிக்கொண்டது சரியா என்பது விஷயம். சாம்சனின் விலை 18 கோடி. ஜடேஜாவின் விலை 18 கோடியிலிருந்து 14 கோடியாக இறங்கியது. 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தவரை விற்கலாமா என்றது ஒரு கட்சி. வயதாகிவிட்டது, கணக்குத்தான் முக்கியம் என்றது இன்னொரு கட்சி. இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்ற ஓர் இளைஞன், செய்யாறு பக்கத்துக்காரன், நடுவில் ஒரு கேள்வி கேட்டான்: "அவர ஒரு வார்த்த கேட்டாங்களாண்ணே?"

யாரும் பதில் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது. பக்கத்து வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு அந்தக் கேள்வி அன்றிரவு முழுக்கத் தொந்தரவாக இருந்தது.

எனக்குத் தெரிந்த பழைய சர்ச்சைகள் வேறு தினுசானவை. திருவல்லிக்கேணியில் இருந்த என் பெரியப்பாவும் அவர் சிநேகிதர்களும் திண்ணையில் பேசித் தீர்க்காத விஷயம் யார் பெரியவர் என்பதுதான். பேச்சு எப்போதும் ஏ.ஜி. ராம் சிங்கில் ஆரம்பிக்கும். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் மைசூருக்கு எதிராக 11 விக்கெட் எடுத்தவர் அவர். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. அதிகாரபூர்வமான டெஸ்ட் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய இரண்டு பிள்ளைகள் பின்னால் டெஸ்ட் ஆடினார்கள். அங்கிருந்து பேச்சு வி.வி. குமாருக்குப் போகும். 1961 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான தன் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து விக்கெட் எடுத்த லெக் ஸ்பின்னர். முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட்டுகள். டெஸ்டோ மொத்தம் இரண்டு.

பிறகு வெங்கட்ராகவனா, பிரசன்னாவா என்ற முடிவில்லாத வழக்கு. வெங்கட்ராகவன் 57 டெஸ்டில் 156 விக்கெட், பிரசன்னா 49 டெஸ்டில் 189. எண்கள் ஒரு பக்கம் சாய்கின்றன. ஆனால் பெரியப்பா எண்களால் தோற்கடிக்கப்பட ஒருபோதும் சம்மதித்ததில்லை. பிரசன்னா பந்தைக் காற்றில் தொங்கவிட்டு மட்டையாளனை முன்னால் இழுப்பவர், வெங்கட் உயரத்திலிருந்து ஒரே இடத்தில் விடாமல் போடுபவர், இரண்டும் இரண்டு காரியம் என்பார். 1979இல் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது, தன் தலைமைப் பதவி போன செய்தியை வெங்கட்ராகவன் விமானத்தில் அறிவிப்பாகக் கேட்டதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறிவிடும்.

இப்போது யோசித்துப் பார்க்கையில், அந்தத் திண்ணைப் பேச்சு ஒரு மேல்முறையீட்டு மன்றமாக இருந்தது என்று படுகிறது. தேர்வுக் குழு செய்த அநீதிகளை ஞாபகத்தில் வைத்திருந்து திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். யார் பெரியவர் என்பதில், யாருக்கு இழைக்கப்பட்டது என்பதும் சேர்ந்தே இருந்தது. இலக்கியத்தில் நமக்கும் இது புதிதல்ல. க.நா.சு. பட்டியல் போட்டபோது செல்லப்பா காரணம் கேட்டார், அலசிக் காட்டச் சொன்னார். பட்டியல் ஒரு தீர்ப்பு என்றால் அலசல் அதற்கான விசாரணை. பெரியப்பா இந்தச் சர்ச்சையை அறியாதவர். ஆனால் பிரசன்னாவையும் வெங்கட்டையும் பற்றி அவர் பேசியது அலசல்தான்.

ஆட்டக்காரர்கள் கைமாறுவதும் சென்னையில் பழைய சங்கதிதான். லீக் அணிகளை நடத்திய கம்பெனிகளும் வங்கிகளும் ரயில்வேயும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தன. மத்தியானம் ஆட்டத்துக்குப் போய்விடும் சக குமாஸ்தாவின் லெட்ஜரைச் சேர்த்து எழுதியவர்கள் எங்கள் தொழிலில் பலர் உண்டு. ஆனால் அது வேலை; சம்பளம், பிராவிடண்ட் ஃபண்டு, பென்ஷன் என்று ஆட்டம் ஓய்ந்த பிறகும் நீடித்தது. ஆட்டக்காரனுக்கு வெளிப்படையான ஒரு விலை கிடையாது.

விலை 2008 பிப்ரவரி 20 அன்று மும்பை ஏலத்தில் வந்தது. தோனியைச் சென்னை 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. அதன் பிறகு பேச்சின் மொழியே மாறிவிட்டது. பெரியவரா என்று கேட்ட இடத்தில் இத்தனை கோடிக்குத் தகுமா என்று கேட்கிறோம். வளரும் பந்துவீச்சாளர்களைப் பற்றிய பேச்சும் அப்படியே. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகிய நடராஜன், 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். 2015இல் அவர் பந்துவீச்சு முறை சந்தேகத்துக்கு உள்ளானதும், அதைத் திருத்திக்கொண்டு அவர் மீண்டதும் இன்று எத்தனை பேர் நினைவில் இருக்கிறது? 3 கோடி மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஜடேஜாவின் கதையில் இன்னொரு வேடிக்கை. 2008இல் அவர் ராஜஸ்தானில்தான் ஆரம்பித்தார். வேறொரு அணியோடு தானே பேரம் பேசினார் என்பதற்காக 2010 பருவம் முழுக்க ஆடத் தடை விதித்தார்கள். தன்னைத் தானே விற்றுக்கொள்வது குற்றம். அணி விற்பது வியாபாரம்.

இந்த இடத்தில் அமெரிக்க பேஸ்பால் நினைவுக்கு வருகிறது. அங்கே ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரன் அந்த அணிக்கே உரியவன் என்று ஒரு ஷரத்து பல பத்தாண்டுகள் இருந்தது. செயின்ட் லூயிஸ் அணியில் 12 பருவங்கள் ஆடிய கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரரை 1969 அக்டோபரில் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். அவர் போக மறுத்தார். தான் வாங்கி விற்கப்படும் சொத்தல்ல என்று அந்த டிசம்பரில் ஆணையருக்கு எழுதினார். 1970இல் வழக்குப் போட்டார். 1972 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர் ஆட்ட வாழ்க்கை அதற்குள் முடிந்துவிட்டது. 1975 டிசம்பரில் ஒரு மத்தியஸ்தர் இரண்டு பந்தெறிவாளர்களை விடுவித்தபோதுதான் அந்த ஷரத்து உடைந்தது. பலனைப் பிறர் அனுபவித்தார்கள்.

ஜடேஜாவும் சென்னைக்கு 12 பருவங்கள் ஆடியவர். ஆனால் ஐ.பி.எல். விதிப்படி ஆட்டக்காரனின் சம்மதம் இல்லாமல் மாற்றம் கிடையாது. ஆக, செய்யாறு இளைஞனின் கேள்விக்குப் பதில் உண்டு: கேட்டார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள். மறுநாள் அவனிடம் சொன்னேன். "கையெழுத்து எங்ககிட்டயும்தான் வாங்குறாங்க சார்" என்றான்.

அவன் சொன்னது எனக்குத் தெரிந்த விஷயம். என் கவுண்டர் வழியாக வந்த விஷயமும்கூட. ஆறு வருஷமாக அவன் ஒரே தொழிற்சாலையில் ஒரே மெஷினில் நிற்கிறான். காண்ட்ராக்டர்தான் மூன்று தடவை மாறியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் புது அடையாள அட்டை, சர்வீஸ் பூஜ்யத்திலிருந்து. அவன் பாஸ்புக்கில் சம்பளம் விழும் வரிகளில் கம்பெனிப் பெயர் மாறிக்கொண்டே வரும். தங்கையின் கல்யாணத்துக்குக் கடன் கேட்டு வந்தான். தற்போதைய பணியில் நான்கு மாதம் என்று விண்ணப்பத்தில் இருந்தது. விதி ஒரு வருஷம் கேட்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்தவன் நான்தான்.

ஃபிளட் வழக்குப் போட்ட அதே 1970இல்தான் நம் நாட்டில் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒழுங்குபடுத்தலும் ஒழித்தலும் என்று அதன் பெயரிலேயே இருந்தது. நான் பார்த்த வரையில் இந்தச் சாலையில் ஒழிந்தது எதுவுமில்லை.

டீக்கடை வாதத்தை வெறும் பொழுதுபோக்கு என்று என்னால் இனி ஒதுக்க முடியாது. விலையைப் பற்றித்தான் அவர்கள் பேசுகிறார்கள். ஆனால் விலை போடுபவர் யார் என்று உள்ளூரத் தெரிந்துகொண்டு பேசுகிறார்கள். பெரியப்பாவின் திண்ணையில் இருந்த மேல்முறையீடு இங்கே ஒற்றை வரிக் கேள்வியாக மிஞ்சியிருக்கிறது.

டிசம்பர் ஏலத்தில், இந்தியாவுக்கு இன்னும் ஆடாத பிரசாந்த் வீர் என்ற இருபது வயது இடதுகை ஸ்பின்னரைச் சென்னை 14.20 கோடிக்கு எடுத்தது. மறுநாள் சாயங்காலம் கடையில் அந்த இளைஞன் என்னைக் கேட்டான், "நல்லா போடுவானா சார்?"

"அவ்வளவு கொடுத்திருக்காங்களே, நல்லாத்தான் போடுவான்" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அதைச் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தான். கடனைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை.