நூற்றுக்கு எவ்வளவு?

போன வாரம் ஒரு சின்னக் கடையில் கிரெடிட் கார்டை நீட்டினேன். "கார்டு வேணாம் சார், ரொக்கமா குடுங்க" என்றார் கடைக்காரர். எனக்குக் கோபம் வரவில்லை. என் மைத்துனர் ஞாபகம்தான் வந்தது.

தொண்ணூறுகளில் அவர் புதுச்சேரியில் கைவினைப் பொருள் கடை வைத்திருந்தார. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் சொல்தா குடும்பங்கள் கார்டை நீட்டுவார்கள். அதற்காக வங்கியில் சொல்லி ஓர் இரும்புக் கருவி வாங்கினார். கார்டின் மேல் கார்பன் சீட்டை வைத்துக் கைப்பிடியை இழுத்தால், கார்டில் புடைத்திருக்கும் எண்கள் சீட்டில் பதியும். கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை வங்கியில் கட்டவேண்டும். பெரிய தொகை என்றால் முதலில் போன் செய்து அனுமதி எண் பெறவேண்டும். ஒரு நாள் லைன் கிடைக்கவில்லை. எண் இல்லாமலே விற்றுவிட்டார். சீட்டு திரும்பி வந்தது. பொருளும் போயிற்று, பணமும் போயிற்று.

"நூத்துக்கு மூணு ரூபா கழிச்சிக்கிறாங்க அத்தான். நஷ்டம் மட்டும் என் தலையில" என்று புலம்பினார்.

இந்தக் கழிவு கார்டோடு கூடப் பிறந்தது. 1950-ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் தொடங்கியபோதே, உணவகங்களிடம் நூற்றுக்கு 7 டாலர் பிடித்தார்கள். 1958-ல் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ ஊரில் சுமார் 60,000 கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. அதில் முதலில் சேர்ந்தவர்கள் சிறு கடைக்காரர்கள்தான். பெரிய கடைகளுக்குச் சொந்தக் கடன் கணக்கு இருந்தது. அதைப் பார்க்க ஆளும் இருந்தது. சின்னக் கடைக்காரரோ பகலில் விற்றுவிட்டு, இரவில் கடன் நோட்டைப் புரட்டி, மறுநாள் வசூலுக்கு அலையவேண்டும். அந்தத் தலைவலியை வங்கி வாங்கிக்கொண்டது. அதற்கான கூலிதான் கழிவு.

என் மைத்துனருக்கு வந்த கஷ்டத்துக்கும் வழி பிறந்தது. 1974-ல் பிரெஞ்சுக்காரர் ரோலான் மொரேனோ சில்லு பதித்த அட்டைக்குக் காப்புரிமை கோரினார். 1992-க்குள் பிரான்சின் வங்கிக் கார்டுகள் எல்லாம் சில்லுக்கு மாறின. கையெழுத்துக்குப் பதில் ரகசிய எண் வந்தது. நம் நாட்டில் பழைய கார்டுகளை மாற்ற ரிசர்வ் வங்கி வைத்த கெடு 2018 டிசம்பர் 31.

2020 ஜனவரி முதல் யுபிஐ-க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடம் கழிவு கிடையாது. கிரெடிட் கார்டுக்குக் கழிவு போகவில்லை. நூற்றுக்கு ஐந்து ரூபாய் லாபம் பார்க்கும் கடையில் இரண்டு ரூபாய் சின்னத் தொகை அல்ல.

ரொக்கத்தை எண்ணிக் கொடுத்தேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு கிடந்தது. தெருக்காரர்கள் கடன் கணக்கு. அதற்கு அவர் வட்டியும் வாங்குவதில்லை, யாருக்கும் கழிவும் கொடுப்பதில்லை. வசூலாகாவிட்டால் நஷ்டம் அவர் தலையில்தான்.