உரிய நேரத்தில் வராத விடை

அளவெட்டியில் பிறந்த எமக்குக் காலப்பிரமாணத்தின் அருமையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தவில் மேதை தட்சணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் வாழ்ந்த ஊர் இது. கும்பளாவளைப் பிள்ளையார் கோவில் திருவிழாக்களில் மேளக்கச்சேரி கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். சொற்கட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விழவேண்டிய இடத்தில் விழாவிட்டால் அது பிழை என்பது சிறுவயதிலேயே எம் காதுக்குத் தெரியும்.

கணினித் துறையிலும் இதே நியதிக்குக் கட்டுப்பட்ட ஒரு பிரிவு உண்டு. அதனை நிகழ்நேர முறைமைகள் என்பர். இதயமுடுக்கி, விமானம், மோட்டார் வாகனத்தின் தடுப்பு ஆகியவற்றுள் இயங்கும் கணினி, சரியான விடையை உரிய நேரத்துக்குள் தரவேண்டும். பிந்திய விடை பிழையான விடையே. பல வேலைகளை ஒரே கணினி செய்யும்போது எதை முதலிற் செய்வது என்று வகுப்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி.

1973இல் லியூ, லேலண்ட் என்னும் இருவர் இதற்கு ஒரு கணித விடை தந்தனர். அடிக்கடி திரும்பிவரும் வேலைக்குக் கூடிய முன்னுரிமை கொடுங்கள். கணினியின் நேரத்தில் ஏறத்தாழ 69 சதவீதத்துக்கு மேற்படாமல் வேலை கொடுத்தால் எதுவும் பிந்தாது என்று நிறுவினர். ஆனால் வேலைகள் ஒன்றையொன்று சாராதவை என்பது அவர்களின் எடுகோள். நடைமுறையில் அப்படி இருப்பதில்லை. அதனால் வந்த வினையை நாங்கள் வைத்தியசாலையிற் கண்டோம்.

நாங்கள் பயிற்சி வைத்தியர்களாக இருந்த காலம். தலையில் அடிபட்ட இளைஞர் ஒருவர் சீ.ரி. ஸ்கானுக்காகக் காத்திருந்தார். இருந்தது ஒரேயொரு இயந்திரம். அதன் மேசையில் அவசரமில்லாத நோயாளி ஒருவர். அவரை இறக்கவேண்டிய சிற்றூழியரை, 'இது அவசரமில்லைத்தானே' என்று கிளினிக் வேலைக்கு அழைத்துவிட்டார்கள். ஆக, உயிராபத்தில் இருந்தவர் கிளினிக் வேலை முடியும்வரை காத்திருந்தார். எவரும் விதியை மீறவில்லை. இளைஞர் பிழைத்தார்; ஆனால் அவரது வலக்கை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

கணினிக்குள் இதே நிலை ஏற்படுவதை 'முன்னுரிமை தலைகீழாதல்' என்பர். அதற்குத் தீர்வு கண்டவர்களுள் ஒருவர் இரகுநாதன் ராஜ்குமார். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் 1984இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1989இல் கலாநிதியானவர். லூயி ஷா, ஜோன் லெஹோஸ்கி ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1990இல் வெளிவந்தது. அதன் சாரம் எளிது: பொதுப் பொருளைக் கையில் வைத்திருக்கும் சிறிய வேலையைத் தள்ளிவிடாதீர்கள், அதை விடுவிக்கும்வரை, காத்திருக்கும் பெரிய வேலையின் முன்னுரிமையை அதற்கே கொடுங்கள். இம்முறையின் திருத்திய வடிவில் ஒரு வேலை கூடியது ஒருமுறைதான் இவ்வாறு தடைப்படும் என்பதையும் அவர்கள் நிறுவினர்.

1997 ஜூலை 4ஆம் திகதி நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. நாங்கள் அப்போது இடம்பெயர்ந்து ஊர் திரும்பி, மின்சாரமின்றி ஜாம் போத்தல் விளக்கில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். அங்கே விண்கலத்தின் கணினியோ திரும்பத் திரும்பத் தன்னைத்தானே நிறுத்தி மீண்டும் தொடங்கியது. பூமியில் இருந்த மாதிரிக் கணினியில் அதே கோளாறை வரவழைத்துப் பார்த்த பொறியியலாளர்கள் காரணத்தைக் கண்டனர். வானிலைத் தரவைச் சேர்க்கும் சிறிய வேலை பொதுப் பொருளொன்றைப் பிடித்திருந்தது. இடைநிலை வேலைகள் அதை ஓடவிடாமற் குறுக்கிட்டன. முக்கியமான வேலை காத்துக்கிடந்தது. முன்னுரிமையைக் கொடுக்கும் வசதி அம்மென்பொருளில் ஏற்கனவே இருந்தது. அதை இயக்கிவிடும் சிறு திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினர். கோளாறு நின்றது.

அவ்வாண்டு டிசம்பரில் நடந்த மாநாட்டில் இந்த வரலாறு சொல்லப்பட்டபோது, கட்டுரையை எழுதிய மூவரும் சபையில் இருந்தனர். அவர்களை எழுந்து நிற்கச் செய்து கௌரவித்தார்கள். பின்னாளில் ராஜ்குமார் சாரதியின்றி ஓடும் வாகன ஆய்வில் முன்னணியில் நின்றார். அவர்களின் முறை லினக்ஸ் உட்படப் பல பணிசெயல் முறைமைகளில் இன்று இருக்கிறது.

இக்கட்டுரையை நாங்கள் வாசித்தது வைத்தியர்களாகிப் பல ஆண்டுகளின் பின்னர்தான். வாசித்தபோது அந்த இளைஞரின் கையே நினைவுக்கு வந்தது. அவர் அங்கு காத்திருந்தபோது தீர்வு அச்சாகிப் பல ஆண்டுகள் கடந்திருந்தன, எமக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. இன்று எமது பொறுப்பிலுள்ள விடுதியில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம்: அவசர நோயாளி ஒருவர் வெளியே காத்திருந்தால், மேசையில் இருப்பவரும் இறங்கும்வரை அவசர நோயாளிதான். அவருக்குத் துணை நிற்கும் சிற்றூழியரை எவரும் அழைக்கக்கூடாது.

எமது பாடசாலையில் இன்று கணிதம் கற்கும் தங்கையரே, இது எதற்கு உதவும் என்று நீங்கள் கேட்பது எமக்குக் கேட்கிறது. நாங்களும் அதே வாங்கில் இருந்து அதையேதான் கேட்டோம்.